சர்க்கரை வரி பேரனின் எடையைக் குறைக்குமா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். 13 வயதுப் பேரன் எங்களோடுதான் வளர்கிறான். ஒன்றரை வருஷமாக அவன் உடம்பு ஏறிக்கொண்டே போகிறது. பள்ளி டக்‌ஷாப்பில் தினம் ஒரு 440 மில்லி கோலா. வீட்டுக்கு வந்ததும் பெரிய கிளாஸில் இரண்டு தடவை. ஃப்ரிட்ஜில் இரண்டு லிட்டர் பாட்டில் எப்போதும் இருக்கும். என் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவர், சர்க்கரை இறங்கினால் கொடுக்க வேண்டுமே என்று வாங்கி வைப்பது. 2018-லிருந்து சர்க்கரை வரி கட்டுகிறோமே, யார் மெலிந்தார்கள் என்று அவர் கேட்கிறார். அரசாங்கம் காசு பார்க்க ஒரு வழி என்பது அவர் எண்ணம். அவர் தம்பி கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வரியால் வேலை போய்விடும் என்று அந்த வீட்டில் பயம். கோயில் கமிட்டியில் கூழ் பூஜைக்கு இந்த வருஷம் கூல்டிரிங்க் வேண்டாம் என்று சொன்னேன், பெரிய வாக்குவாதமாகிவிட்டது. இந்த வரி உடம்பைக் குறைக்குமா, குறைக்காதா? வீட்டில் நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள அம்மா,

உங்கள் வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. வரி வந்த பிறகு இந்த நாட்டு மக்கள் கூல்டிரிங்க் வழியாக வாங்கும் சர்க்கரை குறைந்திருக்கிறது. அதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறைவு ஒரு தனி ஆள் தராசில் ஏறிப் பார்த்தால் தெரியும் அளவு இல்லை. உங்கள் பேரன் குடிக்கிற அளவுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. இப்படி ஏன் என்று புரிந்துகொண்டால், வரி எதைச் செய்யும், எதை நீங்களே செய்ய வேண்டும் என்பது பிடிபட்டுவிடும்.

இனிப்புப் பானங்களுக்கான இந்த வரி 2018 ஏப்ரல் 1-ல் வந்தது. கடைக்காரரிடம் வாங்குவதில்லை, தயாரிக்கும் கம்பெனியிடமும் இறக்குமதி செய்பவரிடமும் வாங்குகிறார்கள். 100 மில்லியில் முதல் 4 கிராம் சர்க்கரைக்கு வரி கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் முதலில் 2.1 செண்ட், 2019 ஏப்ரலிலிருந்து 2.21 செண்ட். உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் பாட்டிலையே கணக்குப் போடுவோம். சாதாரண கோலாவில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை என்றால், இரண்டு லிட்டரில் 212 கிராம். அதில் 80 கிராமுக்கு வரி இல்லை. மீதி 132 கிராமுக்கு 2 ராண்ட் 92 செண்ட். அதன்மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்தால் சுமார் 3 ராண்ட் 35 செண்ட். அதே கம்பெனி 100 மில்லிக்கு 4.9 கிராம் மட்டும் போட்டு ஒரு பானம் தயாரித்தால், இரண்டு லிட்டருக்கு வரி 40 செண்ட்தான். 4 கிராமுக்குள் நிறுத்தினால் ஒரு செண்ட்கூட இல்லை.

வரியின் வேலை பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில்தான் நடக்கிறது. ஒரு பாட்டிலுக்கு இரண்டரை ராண்ட் மிச்சம் என்றால் கோடிக்கணக்கான பாட்டிலுக்கு எவ்வளவு என்று கம்பெனி பார்க்கிறது. பல ஆரஞ்சு, எலுமிச்சைச் சுவை பானங்களில் சர்க்கரையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைச் சேர்த்தார்கள். சில வகைகளில் கேனும் பாட்டிலும் சிறுத்தன. வாங்குகிறவருக்கே தெரியாமல் சர்க்கரை குறைந்தது.

எண்ணிக்கையும் இதையே காட்டுகிறது. வரி அறிவிக்கப்படுவதற்கு முன்பும், வரி வந்து ஓராண்டு வரையிலும் நம் நாட்டு வீடுகள் வாங்கியதை ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வெளியானது. வரிக்கு உட்பட்ட பானங்களிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 16.25 கிராமாக இருந்த சர்க்கரை 10.63 கிராமாக இறங்கியது, ஏறக்குறைய 35 சதவீதம். வாங்கிய பானத்தின் அளவோ சுமார் 519 மில்லியிலிருந்து 443 மில்லிக்கு, அதாவது 15 சதவீதம்தான் குறைந்தது. ஜனங்கள் குடிப்பதைக் கொஞ்சம் குறைத்தார்கள். பாட்டிலுக்குள் இருந்த சர்க்கரை அதைவிட அதிகம் குறைந்தது. வசதி குறைந்த வீடுகளில் இந்த இறக்கம் இன்னும் கூடுதல். ஏழைகளின் தலையில் வரி என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் கால் விரலை இழந்தால் கூலிக்குப் போக முடியாமல் வீட்டில் உட்காருகிறவரும் ஏழைதான்.

இப்போது தராசுக்கு வருவோம். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்த சர்க்கரை 5.6 கிராம், அதாவது 22 கலோரி. நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைந்தால் ஒரு பெரியவரின் எடை காலப்போக்கில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதிக்கு ஒரு வருஷம், முழுவதற்கும் மூன்று வருஷம் பிடிக்கும். அதுவும் குறைந்த கலோரியை வேறு பண்டத்தில் ஈடுகட்டாமல் இருந்தால்தான். மூன்று வருஷத்தில் ஒரு கிலோவை யார் கவனிப்பார்கள்? உங்கள் வீட்டுக்காரருக்கு யாரும் மெலிந்ததாகத் தெரியாதது இதனால்தான். ஆனால் 2016-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் இந்த நாட்டுப் பெண்களில் 68 சதவீதம் பேர், ஆண்களில் 31 சதவீதம் பேர் எடை கூடியவர்களாகவோ பருமனாகவோ இருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு கிலோ ஏறாமல் நின்றால் அது சின்ன விஷயமில்லை. நம்மவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்திய வம்சாவளியினருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்ததுமே, சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. அதனால்தான் நம் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று வரம்பைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

பருமனே குறைந்ததாகக் காட்டிய ஆய்வு உண்டா என்றால், பிரிட்டனில் உண்டு. அங்கேயும் 2018 ஏப்ரலில்தான் வரி வந்தது. 10, 11 வயதுச் சிறுமிகளிடையே பருமன், வரி இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணித்தார்களோ அதைவிட 8 சதவீதம் குறைவாக இருந்தது. வறுமையான பகுதிகளில் இந்த வித்தியாசம் கூடுதல். அதே வயதுப் பையன்களிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை மறைக்க எனக்கு மனமில்லை: பையன்கள் விஷயத்தில் வரியை மட்டும் நம்பி உட்கார முடியாது.

நம் நாட்டு வரியும் வந்த வேகத்தில் தளர்ந்துவிட்டது. 2022-ல் 2.31 செண்டாக உயர்த்துவதாக அறிவித்தார்கள், பிறகு தள்ளிவைத்தார்கள், 2023-ல் மேலும் இரண்டு நிதியாண்டுக்கு மாற்றமில்லை என்றார்கள். ரொட்டி, எண்ணெய், டாக்ஸிக் கட்டணம் எல்லாம் ஏறும்போது வரி மட்டும் அதே செண்டில் நின்றால், வருஷத்துக்கு வருஷம் அதன் உறைப்பு குறைந்துகொண்டே வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 20 சதவீத விலையேற்றம். நம்முடையது அதில் பாதியளவில்தான் தொடங்கியது. ஆகவே வரி வேலை செய்யவில்லை என்பதைவிட, பாதி மருந்தைக் கொடுத்துவிட்டு நோய் தீரவில்லையே என்கிறோம் என்பதே சரி. அரசாங்கம் காசு பார்க்கிறது என்ற புகாரில் ஒரு பகுதி எனக்கும் சம்மதம்: இந்தப் பணம் பொதுக் கஜானாவுக்குப் போகிறது, சுகாதாரத்துக்கென்று முழுதாக ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. ஒதுக்க வேண்டும்.

கொழுந்தனார் குடும்பத்தின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் இந்த மண்ணில் இறங்கியதே கரும்புக்காகத்தான். கூல்டிரிங்க் கம்பெனிகள் வாங்கும் சர்க்கரை குறைந்தது, அது ஆலையையும் தோட்டத்தையும் தொட்டது, இது உண்மை. ஆனால் மலிவான இறக்குமதிச் சர்க்கரை, வறட்சி, ஏறும் செலவு, நிர்வாகக் கோளாறு எல்லாம் அதே காலத்தில் சேர்ந்தே அடித்தன. மொத்தப் பழியையும் வரியின்மேல் போடுவது சரியான கணக்காகாது. 2020 நவம்பரில் கையெழுத்தான சர்க்கரைத் துறைத் திட்டத்தில் உள்நாட்டுச் சர்க்கரையையே வாங்குவதாகப் பெரிய வாங்குநர்கள் ஒப்புக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளிக்குப் பாதுகாப்பை அந்த வழியில் கேட்டுப் பெற வேண்டும். அவருடைய பிள்ளைகள் அதிகச் சர்க்கரை குடித்துத்தான் அவருக்குச் சோறு போட வேண்டும் என்ற ஏற்பாடு யாருக்கும் நல்லதல்ல.

இனி உங்கள் வீடு. முதலில் வரியின் கண்ணில் படாதவை எவை என்று பாருங்கள். சர்க்கரை சேர்க்காத நூறு சதவீதப் பழச்சாற்றுக்கு இந்த வரி கிடையாது. ஆனால் திராட்சைச் சாற்றில் 100 மில்லிக்கு 15 கிராம் வரை சர்க்கரை இருக்கும், கோலாவைவிட அதிகம். கோலாவை நிறுத்திவிட்டு ‘நல்ல ஜூஸ்’ வாங்கிக் கொடுக்கும் வீடுகளில் பிள்ளையின் எடை அப்படியே ஏறுவது இதனால்தான். ஸ்குவாஷில் வேறொரு வழுக்கல். லேபிளில் சொன்னபடி தண்ணீர் கலந்தால் எவ்வளவு சர்க்கரை வருமோ அதற்குத்தான் வரி. ஒரு பங்கு ஸ்குவாஷுக்கு நாலு பங்கு தண்ணீர் என்று போட்டு, கலந்தபின் 100 மில்லிக்கு 4 கிராம் வருகிறது என்று வையுங்கள், வரியே இல்லை. பிள்ளை இரண்டு பங்கு தண்ணீர்தான் ஊற்றுகிறான் என்றால் அது 6.7 கிராமாகிவிடும். ஸ்குவாஷ் வாங்கினால் அளவுக் கப்பை பாட்டிலோடு ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள். டீயில் போடும் சர்க்கரையும் கன்டென்ஸ்டு மில்க்கும் இந்த வரிக்கு வெளியே. பேரனுக்கு டீயில் எத்தனை ஸ்பூன் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

லேபிள் படிக்கும்போது ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியை விட்டுவிடுங்கள். அங்கே 200 அல்லது 250 மில்லிக்கான கணக்கு இருக்கும்; முழு பாட்டிலையும் குடிக்கிறவனுக்கு அது பொருந்தாது. 100 மில்லிப் பத்தியில் மொத்தச் சர்க்கரையைப் பார்த்து, பாட்டிலின் அளவால் பெருக்குங்கள். பள்ளியில் குடிக்கும் 440 மில்லி கோலா: 10.6 பெருக்கல் 4.4, சுமார் 47 கிராம். நாலு கிராம் ஸ்பூனால் அளந்தால் கிட்டத்தட்ட 12 ஸ்பூன். வீட்டில் இரண்டு பெரிய கிளாஸ் என்றால் 600 மில்லி, அதாவது இன்னும் 64 கிராம். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 110 கிராம், 440 கலோரி. அவன் வயதுக்கு எல்லா உணவிலிருந்தும் சேர்த்து இப்படிச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராம் அளவோடு நிற்க வேண்டும். அதற்கும் கீழே என்றால் இன்னும் நல்லது.

வீட்டிலிருந்து தொடங்குங்கள், பள்ளியிலிருந்து வேண்டாம். வீட்டில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில். முதல் வேலை, இரண்டு லிட்டர் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது. லிட்டர் கணக்கில் அது மலிவு, அதனால்தான் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் திறந்த பாட்டில் மறுநாள் காற்றுப் போய்ச் சப்பென்று ஆகிவிடும். வீணாக்கக் கூடாதென்று யாராவது குடித்துத் தீர்ப்பார்கள், பெரும்பாலும் பிள்ளைதான். விருந்தாளி வந்தால் அன்றைக்குச் சின்ன கேன் வாங்கலாம். ஃப்ரிட்ஜில் அவன் கண் மட்டத்தில் ஒரு ஜக் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும். எலுமிச்சை, புதினா போடலாம். நுரைக்காகத்தான் கோலா வேண்டும் என்றால் முதல் இரண்டு வாரம் பாதி கோலா, பாதி வெறும் சோடா; அடுத்த இரண்டு வாரம் கால் பங்கு கோலா. சர்க்கரையில்லாத ‘ஸீரோ’ வகை? இடைக்காலத்துக்குச் சரி. எடையைக் கட்டுப்படுத்த அதை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இனிப்பில்லாமல் தாகம் தீராது என்ற பழக்கத்தை அது அப்படியே வைத்திருக்கும்.

பள்ளிக்கு, தண்ணீர் பாட்டிலில் பாதி ஊற்றி இரவே ஃப்ரீஸரில் வையுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் டர்பன் வெயிலிலும் இரண்டாவது இடைவேளை வரை ஜில்லென்று இருக்கும். டக்‌ஷாப் காசை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கூட்டாளியிடம் வாங்கிக் குடிப்பான், உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஐந்து நாளை மூன்று நாளாக்கி, 440-க்குப் பதில் 300 மில்லி கேன். மாதக் கடைசியில் வாரத்துக்கு ஒரு நாள். இதை அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கோலாவில் கஃபீன் இருப்பதால் முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல் வரலாம். அது தானே போய்விடும். பள்ளி விட்டு வரும்போது அகோரப் பசி இருக்கும். அந்த நேரத்தில் அவித்த முட்டையோ சுண்டலோ மேசையில் தயாராக இல்லையென்றால், கோலாவில் மிச்சமான 200 கலோரி சிப்ஸ் வழியாகத் திரும்பி வந்துவிடும். நல்ல எண்ணத்தோடு தொடங்கும் வீடுகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த நாலு மணியில்தான்.

இன்னொன்று: வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். அவனுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு மற்றவர்கள் கோலா குடித்தால் அது தண்டனையாகிவிடும். ‘குண்டு’ என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வர வேண்டாம், விளையாட்டுக்குக்கூட. அவன் மெலிய வேண்டும் என்பதும் இல்லை. உயரம் ஏறும் வயது. எடை ஒரே இடத்தில் நின்றாலே வருஷத்தில் உடம்பு சரியாக வந்துவிடும். மாதம் ஒரு தடவைக்கு மேல் நிறுக்க வேண்டாம். கிளினிக்கில் ஒரு முறை காட்டி வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். பின்கழுத்திலோ அக்குளிலோ தோல் தடித்து, வெல்வெட் மாதிரிக் கருத்திருந்தால் அது அழுக்கல்ல, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். அடங்காத தாகம், இரவில் பல தடவை சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள்.

கூழ் பூஜைக்கு வருவோம். கமிட்டியில் ‘கூல்டிரிங்க் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் சண்டைதான் வரும்; பதிலுக்கு என்ன தருகிறோம் என்பதோடு போங்கள். 100 பேருக்கு 200 மில்லி வீதம் 20 லிட்டர் கோலா வாங்கினால் அதில் இரண்டு கிலோவுக்கு மேல் சர்க்கரை. ஒரு இரண்டு கிலோ சர்க்கரைப் பையை மேசைமேல் வைத்துக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில் நீர்மோர்: 5 லிட்டர் மாஸ் (கடையில் கிடைக்கும் புளித்த பால்), 15 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 150 கிராம் இஞ்சி, எட்டுப் பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்துமல்லி. உப்பு ஐந்து டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். வருகிறவர்களில் பிரஷர் உள்ளவர்கள் பலர். இஞ்சி மிளகாயை அரைத்து வடிகட்டிச் சேர்த்தால் குழந்தைகளும் குடிப்பார்கள். ஐஸ்பெட்டியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊற்றுங்கள்; வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் புளித்துக் கெட்டுவிடும். பானகம் வைக்கலாமே என்பார்கள். வெல்லமும் சர்க்கரைதான், சாமிக்குப் படைத்து ஒரு கை தீர்த்தமாகக் கொடுப்பதோடு நிற்கட்டும்.

கடைசியாக, தாத்தாவுக்காக வைத்திருக்கும் பாட்டில். இதில்தான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது இருக்கிறது. சர்க்கரை இறங்கி வேர்வை, நடுக்கம் வரும்போது 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். 10.6 கிராம் கோலாவில் அது 150 மில்லி. வரிக்குப் பிறகு 5 கிராமுக்கு இறங்கிவிட்ட பானம் என்றால் 300 மில்லி வேண்டும். ‘ஸீரோ’ என்றால் ஒரு பாட்டில் கொடுத்தாலும் பயனில்லை. நிறமும் பெயரும் பழையதுபோலவே இருக்கும், சர்க்கரை இருக்காது. பிரிட்டனில் ஒரு குளுக்கோஸ் பானத்தின் சர்க்கரையைக் குறைத்தபோது, நீரிழிவுக்காரர்களுக்கு இதைப்பற்றித் தனியாக எச்சரிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. எனவே கூல்டிரிங்க்கை நம்பவே வேண்டாம். மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் நாலு டீஸ்பூன் சர்க்கரை போட்டு, ‘தாத்தா மருந்து’ என்று எழுதி, ஒன்றைக் கட்டில் பக்கத்திலும் ஒன்றைக் காரிலும் வையுங்கள். அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி விரலைக் குத்திப் பாருங்கள்; மீட்டரில் 4 மில்லிமோலுக்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. ஏறியதும் ஒரு துண்டு ரொட்டி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டப்பாவைப் பேரனிடமே காட்டி, எப்படிக் கரைப்பது என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் தாத்தாவோடு வீட்டில் இருக்கப் போவது அவன்தான்.